மடிக்காத ல

“ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு விளக்கக் கடிதம். மேல கேட்டிருக்காங்க. கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போய் வேலையப் பாருங்க” என்று நிர்வாக அதிகாரி தாளை அவள் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். அந்த மருத்துவமனையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு யாரும் எதையும் கழற்றிக் கொடுத்ததில்லை. அவள் பேனாவைத் தொடவில்லை.

சலவைக் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை நாலு மூலையும் பொருந்த மடித்து வார்டுக்கு அனுப்புவது அவள் வேலை. போன வாரம் களிம்புக் கறை போகாத விரிப்பு ஒன்று பெரிய டாக்டர் பார்க்க வந்த கட்டிலிலேயே விரிந்துவிட்டது. கொதிநீர் இயந்திரம் படுத்து ஒரு மாதம் ஆகிறது. பச்சைத் தண்ணீரில் களிம்பு போகுமா? இதே அறையில், இதே நாற்காலிக்கு முன்னால் நின்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் “பாத்துக்கலாம்” என்றார். வாயால் சொன்னதற்கு ஏது சாட்சி? இப்போது மேலிடத்துக்கு ஒரு தலை வேண்டும். இருப்பதிலேயே குட்டையான தலை அவளுடையது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கையெழுத்தைக்கூட அவள் கோலம் மாதிரிதான் போடுவாள். அவருக்குத் தெரியாதது, போன இரண்டு வருஷம்.

அவள் வீட்டுக்காரர் பகலில் லேத் பட்டறை, சாயங்காலம் மந்திரி. அவருடைய நாடகக் குழு முப்பது வருஷமாகப் போடுவது ஒரே ஒரு பழைய சிரிப்பு நாடகம். மூன்று தலைமுறை பார்த்துச் சிரித்தது. முப்பது வருஷம் ஆகியும் மந்திரிக்கு வசனம் மட்டும் நிற்காது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். மகள் கல்யாணமாகிப் போனபின் புத்தகம் இவள் கைக்கு வந்தது.

“புத்தகத்தப் பாத்துச் சொல்லு.”

“புத்தகம் எதுக்கு? சமையக்கட்டுல நின்னே எனக்கு மொத்தமும் மனப்பாடம். ‘மகாபிரபு, குடிகள் முறையிடுகிறார்கள்’, மேல சொல்லு.”

“அம்மாடி, எழுத்துப் பிசகாம சொல்லணும். விரல வச்சுப் பாரு.”

விரலை வைத்தாள். மனப்பாடமான வசனத்துக்குக் கீழே விரல் நகர்ந்தது. வாய் எந்த இடத்தில் ‘மகாபிரபு’ என்றதோ அந்த இடத்தில் விரலும் நின்றது. நாலு பக்கம் தள்ளி அதே உருவம் மறுபடி வந்தபோது, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் எழுத்தில் தொடங்கி வசனத்துக்குப் போவார்கள். அவள் வசனத்தில் தொடங்கி எழுத்துக்கு வந்தாள். அபாண்டம், கொப்பரை, செவிசாய்த்தல் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, பழைய காலண்டர் தாளில் எழுதிப் பழகி வைத்துக்கொண்டாள். உப்பு, மிளகாய் என்று எழுதத் தெரியாது. நாடகத்தில் யாரும் சமைப்பதில்லை.

ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. அரசன், ‘வரியை விலக்கு’ என்பான். ஓலை எழுதுகிறவன் ‘வரியை விளக்கு’ என்று எழுதிவிடுவான். மூன்று நாள் ஊரைக் கூட்டி வைத்து வரியை விளக்கு விளக்கு என்று விளக்குவார்கள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே.

“ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குச் சிரிக்கிறாங்க?”

“ஒண்ணா? நல்லாக் கேட்டே போ! முதல் ல சொல்றப்ப நாக்கு பல்லுக்கிட்ட நிக்கும். ரெண்டாவது ள-வுக்கு நாக்க மேல மடிக்கணும். மடி பாப்போம்.”

“மடிக்கணுமா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! ஊரு துணி எல்லாம் மடிக்கிறேன், என் நாக்க மடிக்க மாட்டேனா?”

அன்றிலிருந்து ஒன்று மடித்த ள, ஒன்று மடிக்காத ல. விரிப்பில் எப்படியோ எழுத்திலும் அப்படியே. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

இப்போது தாளைப் பார்த்தாள். “சார், ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன்.”

அவர் சலித்துக்கொண்டே, ஆனால் நன்றாக நாக்கை மடித்தே படித்தார். “நான் என்னுடைய பணியை விளக்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அவ்வளவுதான். போதுமா?”

அவள் விரலை வைத்தாள். ‘என்னைப் பணியிலிருந்து.’ பணி தெரியும். நாடகத்தில் ஆளாளுக்கு அரசனைப் பணிந்துகொண்டே இருப்பார்கள். அதற்கு அடுத்து வி. அதற்கு அடுத்து...

“சார், இது மடிக்காத ல.”

“என்னது?”

“நீங்க வாயால மடிச்சீங்க. தாள்ல மடிக்கல. இது விளக்கு இல்ல, விலக்கு. நானா வேலைய விட்டுப் போறேன்னு எழுதியிருக்கு.”

அவர் முகம் செத்துவிட்டது. “அது... டைப் அடிச்ச பொண்ணு தப்பா...”

“அப்ப விளக்கந்தான வேணும்? வெள்ளைத் தாள் குடுங்க.”

“நீங்க எழுதுவீங்களா?”

“பேனா தொறந்துதான இருக்கு.”

நின்றபடியே எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெந்நீர் என்ற சொல் அவளிடம் இல்லை. இயந்திரமும் இல்லை. இருந்ததை வைத்துத்தான் எழுத முடிந்தது. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, அவர் தள்ளிய மாதிரியே தள்ளினாள்.

‘மகாபிரபு சமூகத்துக்கு. ஒரு திங்களாகக் கொப்பரையில் நீர் கொதிக்கவில்லை. மூன்று முறை முறையிட்டேன். அதிகாரி செவிசாய்த்தாரில்லை. கறை என் கையால் வந்தது என்பது அபாண்டம். நான் விலகேன்.’

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என்னக்கா இது, நாடகமா?”

“நாடகத்துல படிச்சதுதான் சார். எழுத்துல தப்பு இருந்தாச் சொல்லுங்க, திருத்தித் தர்றேன்.”

அவர் மறுபடி வாய்விட்டுப் படித்தார். எழுத்தில் தப்பு இல்லை. ‘மூன்று முறை’ என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

“இதெல்லாம் ஆபீஸ் மொழியில்லக்கா. மேல அனுப்பினா என்னத் தொலைச்சிடுவாங்க.”

“ஆபீஸ் மொழி எப்படி இருக்கும்னு இப்பத்தான படிச்சேன். அது எனக்கு வேணாம் சார். வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போடுங்க. நகல் ஒண்ணு எனக்கு.”

“நாளைக்கு வாங்க.”

“இன்னிக்கே நிக்கிறேன். விரிப்பு எங்கயும் ஓடாது.”

வாசலில் மருந்துக்கடைப் பெண்ணும் காவல்காரரும் நின்றார்கள். “கொப்பரைன்னா எழுதியிருக்காங்க?” என்று ஒருவர் கிசுகிசுத்தார். அதிகாரி கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து முத்திரைக் கட்டையை எடுத்தார். மைப்பெட்டியைத் திறந்து அவள் பார்க்கும்படி சாய்த்துக் காட்டினார். அது பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“பாத்தீங்களா, மை இல்ல.”

“ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டாச் சரியாயிடும் சார். கொதிக்கணும்னு இல்ல. பச்சத் தண்ணியே போதும்.”

மேஜைமேல் அவர் குடித்து மிச்சம் வைத்த தம்ளர் இருந்தது. அதில் விரலை நனைத்து அவளே உதறினாள். காய்ந்த மை முதலில் தண்ணீரை ஏற்காமல் முத்து முத்தாக நிறுத்தி வைத்தது. பிறகு ஒரு ஓரம் ஊறி, கறுத்து, மெல்ல நீலம் கிளம்பியது. கட்டை அவர் கையில் அந்தரத்தில் நின்றது.