முன் அச்சுக்கு இரண்டு ஆப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல்லாவது பொய்யென்றால், மோன்சே வட்டாரத்துக்கு வரவேண்டிய மேகமெல்லாம் இந்த வருஷம் பாதி வழியில் திரும்பிப் போகட்டும்.

ஹங்கோமாவின் டிராக்டர் மிகப் பழையது. அதன் இருக்கையில் உட்கார்ந்தே அவர் அப்பாவுக்கு முதுகு வளைந்தது. பிறகு முதுகுக்குத் தகுந்தாற்போல் இருக்கையும் வளைந்துகொண்டது. பின் அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக்கில் இறங்கிவிட்டது. போன வருஷம் உழப்போனவர் நிறுத்த முடியாமல், ஊர்த் தலைவரின் நிலத்தையும் சேர்த்து உழுதுவிட்டுத்தான் திரும்பினார். மழை வருவதற்குள் பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையங்களை மாற்றியாக வேண்டும்.

அது இரண்டு பேர் செய்கிற வேலை. அவருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் தலைநகர் லுசாகாவில். முற்றத்தில் அவர் பேசினால் கினிக்கோழிகள்தான் பதில் சொல்லும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார், தன்னைத் திட்டுவதற்கு ஆளில்லாததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் யானைக் குலம். யானைக்காரனைத் திட்டும் உரிமை ஆட்டுக் குலத்துக்கு. ஆட்டுக்காரர் என்ன சொன்னாலும் யானைக்காரன் சிரிக்க வேண்டும், எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் கோபப்படக் கூடாது. திட்டு வாங்காத யானைக்காரன் ஊரில் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

எடைக்காக டயருக்குள் நிரப்பியிருந்த தண்ணீரை முதலில் வடித்தார். கடைசியில் ஒரு கெளுத்தி மீன் வந்து விழுந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று என்று எடுத்து வைத்தார். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினார். தாங்கல் கொடுக்க மோபானே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும் என்பதால் சிமெண்டுக் கல்லைக் கிட்டேயே சேர்க்கவில்லை. ஜாக்கியை வைத்துக் கம்பியைச் செருகும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏ யானை, இன்னும் உசுரோடயா இருக்க? நாத்தம் வந்துச்சேன்னு சந்தோஷமா ஓடி வந்தேன்."

ஆட்டுக் குலத்துப் பினா லுயாண்டோ. இவர் வயதுக்காரி. நாற்றம் வெள்ளாட்டினுடையது என்று ஹங்கோமா விளக்கினார். இருவருக்கும் பரம திருப்தி.

அவள் டிராக்டரை ஒரு சுற்று சுற்றிக் குனிந்து பார்த்தாள்.

"முன் அச்சு நடுவுல ஒத்த ஊசியில தொங்குது. பின்னாடி தூக்குனா தொட்டில் மாதிரி ஆடும். ரெண்டு பக்கமும் ஆப்பு அடிடா. இல்லேன்னா உன்னப் பாய் மாதிரி சுருட்டித்தான் எடுக்கணும்."

சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சொன்னவள் ஆட்டுக்காரி. ஹங்கோமா முறைப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். முகத்தை இறுக்கிய ஆடு அதைவிட வேடிக்கை என்று கண்ணீர் வரச் சிரித்தார்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஜாக்கிக் கம்பியைப் பிடுங்கி, கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு ஆப்பு கொடுத்தால் கம்பி கிடைக்கும் என்றாள். அவர் விறகுக் குவியலைக் காட்டினார்.

"கையில குடுத்தா யாருக்கு வேணும்? அச்சு மேல அடிச்ச ஆப்புதான் எனக்கு வேணும்."

கோபப்பட வழியில்லை. ஹங்கோமா மோபானேயில் இரண்டு ஆப்பு செதுக்கி, முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் அடித்து இறக்கினார். அவள் இரண்டையும் காலால் உதைத்துப் பார்த்தாள், ஒன்றில் துப்பினாள், கம்பியைக் கொடுத்தாள்.

ஒரு பக்கம் தூக்கி, மறு பக்கம் தூக்கி, பாரத்தை ஜாக்கியிலிருந்து கட்டைகள்மேல் இறக்கினார். சக்கரங்களைக் கழற்றினார். ஒன்று கைநழுவி உருண்டு சந்தைவரை போய், யாரும் இல்லையென்று தானே திரும்பி வந்தது. கினிக்கோழிகள் சாட்சி.

அவர் அடியில் படுத்துப் பழைய சீல் வளையத்தை நெம்பிக்கொண்டிருந்தபோது இடப்பக்கக் கட்டைக்குக் கீழே மண் இறங்கியது. டிராக்டர் முனகிக்கொண்டே அவர் பக்கம் சாய்ந்தது. முன்னால் ஆப்பு கிறீச்சிட்டது. மூக்குக்கு மேலே ஓர் உள்ளங்கை இடைவெளியில் இரும்பு நின்றது.

மூச்சு திரும்பிய பிறகு, ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆட்டுக்கும் யானைக்கும் நடுவே நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் தனக்குத் தெரிந்ததிலேயே மிக உயர்ந்த வசவைத் தேர்ந்தெடுத்து உரக்கச் சொன்னார். கினிக்கோழிகள் பதில் சொல்லின. ஊர்ந்து வெளியே வந்து பார்த்தார். முற்றம் காலியாக இருந்தது. பொழுது சாயும்வரை அந்த வசவை மெருகேற்றி மெருகேற்றிப் பாதையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மீனைச் சுட்டு, மக்காச்சோளக் களியோடு தின்றார்.

அந்த வட்டாரத்து ஆட்டுக் குலத்தில் கடைசி ஆள் பினா லுயாண்டோ. போன மழைக்கு முன்பே அவளைப் புதைத்தது ஹங்கோமாதான்.