பாதி உருகிய நான்கு பைகள்

காலையில் ஃப்ரீசரைத் திறந்ததுமே தையல்காரிக்குப் பகீரென்றது. கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்திருக்கிறது. எட்டு ஐஸ் பைகளில் உள்ளே தள்ளி இருந்த நான்குதான் கல்லாக இருந்தன. முன்னால் இருந்த நான்கும் கொழகொழவென்று கிடந்தன.

அவளும் அவள் கணவனின் தங்கையும் அன்று அணிக்கு ஆள் எடுக்கும் பத்தாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டத்தில் ஓட வேண்டும். உச்சி வெயிலில் போட்டி. ஓடுவதற்கு முன் அரை மணி நேரம் உடம்பைக் குளிர வைத்தால் சூடு ஏற நேரம் பிடிக்கும் என்று ஓட்டப் பயிற்சி தரும் மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே தையல்காரி தன் கையால் இரண்டு சட்டைகள் தைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நான்கு பைகள் வைக்க நான்கு பாக்கெட்டுகள்.

நாத்தனாருக்கு வீட்டில் புயல் என்று பெயர். வயது இருபத்திரண்டு. தையல்காரிக்கு முப்பத்தைந்து. தேர்வாகப் போவது ஒருத்திதான்.

கல்லாக இருந்த நான்கையும் தன் சட்டையில் செருகினாள். மற்றவை புயலின் சட்டைக்குப் போயின. யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்று சொன்னால் அது பொய்.

மைதானத்துக் கூடாரத்தில் புயல் சட்டையை மாட்டிக்கொண்டு முகம் சுளித்தாள்.

"அண்ணி, என்னது சில்லுன்னே இல்ல? உங்களுதும் இப்படித்தானா?"

"வர்ற வழியில உருகியிருக்கும். பேசாம போட்டுக்கோ."

அண்ணி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தையல்காரியின் முதுகு ஜில்லென்று மரத்துக்கொண்டிருந்தது.

ஓட்டம் தொடங்கியதும் புயல் பெயருக்கேற்றபடி பாய்ந்தாள். பதினெட்டாவது சுற்றில் அவள் கால்கள் பின்ன ஆரம்பித்தன. குடித்தவள் போலக் கோடு தாண்டிச் சாய்ந்து, புல்லில் விழுந்தாள். தையல்காரி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடந்து போனாள். மீதி ஏழு சுற்றையும் ஓடி முதலாவதாக வந்தாள்.

அதன்பிறகுதான் முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடினாள். ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் புயலைக் கழுத்துவரை அமிழ்த்தியிருந்தார்கள். அவள் ஏதேதோ பிதற்றிக்கொண்டிருந்தாள். போட்டி பார்க்க வந்திருந்த கணவன், தங்கையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"ஓடறதுக்கு முன்னாடி உடம்பைக் குளிர வெச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"வெச்சாங்க டாக்டர், ஐஸ் சட்டை போட்டிருந்தா" என்றான் கணவன்.

"இல்ல" என்றாள் தையல்காரி. "உருகின பையை அவளுக்கு வெச்சேன். நல்லதை நான் எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆரம்பத்துலயே ரொம்ப வேகமா போயிருக்காங்க."

தப்பித்துக்கொள்ள வழி திறந்துதான் இருந்தது. அவளுக்கு அதில் நுழைய மனம் வரவில்லை. கணவன் அவள் பக்கம் திரும்பாமல் தங்கையின் தலையில் தண்ணீர் ஊற்றினான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் புயல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எல்லாம் சொல்லியிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு ரெண்டா வெச்சிருக்கலாமே அண்ணி" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அந்த எண்ணமே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது.

மாஸ்டரிடம் போய், தன் இடத்தை இரண்டாவதாக வந்தவளுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள்.

"நீ எழுந்து இடம் கொடுக்க இதென்ன பஸ் சீட்டா?" என்று எரிந்து விழுந்தார் அவர். ஆனாலும் அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மனது லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்ததும் புயல் மறுபடி மைதானத்துக்கு வந்தாள். தையல்காரி அவளுக்கு அரையடி பின்னாலேயே ஓடினாள். மூச்சு மிச்சமிருந்தும் முந்தவில்லை. மூன்றாவது சுற்றில் புயல் சட்டென்று நின்றுவிட்டாள்.

"எனக்காக விட்டுக்கொடுத்து ஓடறீங்களா? அன்னிக்கு செஞ்சதை விட இதுதான் எனக்குக் கோபமா வருது. ஓடணும்னா ஒழுங்கா ஓடுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காக ஓட ஆரம்பித்தாள்.