பன்னிரண்டு மணிச் சாப்பாடு

ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மிளகாய். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் அக்கா. மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் இருக்கும் கோபம் அவளுக்கு நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். பத்து வருடமாக இஸ்திரி மேசையில் நிற்பவள். இரண்டடி தள்ளி விரிப்புகளை மடிப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை.

நாத்தனாருக்குப் பதினான்கு வயதிலிருந்து சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வருவாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். அண்ணியைத் தவிர அங்கே வேறு யாருக்கும் இது தெரியாது. சர்க்கரை இறங்கும் அவசரத்துக்கென்று நாத்தனார் மேலங்கிப் பையில் நாலு மிட்டாய் வைத்திருப்பாள்.

அதற்கும் ஆபத்து வந்தது. ஏதோ ஒரு விரிப்பில் சாக்லேட் கறை இருந்ததாம். உள்ளே தின்பண்டமே கூடாது, பைகளெல்லாம் வெளி அலமாரியில், பூட்டிய சாவி தன்னிடம் என்று புது சூப்பர்வைசர் சட்டம் போட்டான்.

அன்று ஒரு மாநாட்டுக்கு அறுநூறு பேர் வந்து தங்கியிருந்தார்கள். "முடிச்சுட்டுச் சாப்பிடுங்க. ஒரு நாள் லேட்டா சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டீங்க" என்றான். மணி ஒன்று அடித்தது. ஒன்றேகால் ஆயிற்று. மிளகாய்க்கு உள்ளே கொதித்தது. ஆனாலும் குவியலைப் பார்த்துக் கையை வேகப்படுத்தினாளே தவிர, நாத்தனாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தபோது அவள் ஒரே விரிப்பை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

"நீ யாரு என்னைக் கேக்க?"

மிளகாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள். முகமெல்லாம் வியர்வை. அந்த நீராவியில் யாருக்குத்தான் வியர்க்காது? கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"சார், சாவியைக் குடுங்க! இவளுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு!"

நாத்தனார் இரண்டடி வைத்துச் சுவரில் சாய்ந்தாள். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தான். "தண்ணி போட்டுட்டு வந்திருக்காளா?"

"வாயைக் கழுவிட்டுப் பேசு! சாவி எங்கே?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். "மேனேஜர் ரூம்ல..."

சலவை இயந்திரத்துக்காரன் ஓடி வந்தான். "அக்கா, சர்க்கரை வியாதின்னா சர்க்கரை ஆகாதே! ஊசியை எடுத்துப் போடுங்க!"

"ஊசி போட்டா போய்ச் சேர்ந்துடுவா! ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமதான்டா இந்த கதி! நீ ஓடிப் போய் சாவியைக் கொண்டா!"

சூப்பர்வைசரின் மேசையில் அவனுக்கு மட்டும் டீ போட ஒரு சர்க்கரை டப்பா இருந்தது. அதைப் பிடுங்கி அரை டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி கொட்டிக் கலக்கினாள். மூட்டை கட்டும் பெண் ஒருத்தி, உதவி செய்கிறோம் என்று, நாத்தனாரின் தலையை அண்ணாத்திப் பிடித்தாள். மிளகாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"புரை ஏறிடும்! முழிச்சிருக்கா, அவளே குடிப்பா. மயங்கிட்டா வாயில ஒரு சொட்டு ஊத்தக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான். இந்தா, என்னைப் பாரு. முழுங்கு."

மடக் மடக்கென்று குடித்தாள். சாவி வந்து, பையிலிருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்ப்பதற்குள் கால் மணி ஆகிவிட்டது. ஐம்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே இறங்கக்கூடாது. இன்னொரு டம்ளர். மறுபடி கால் மணி. தொண்ணூற்றொன்று. கண்ணில் தெளிவு வந்தது. தின்பண்டம் கூடாத அந்தக் கூடத்தின் நட்டநடுவில், விரிப்புகளுக்கு மத்தியில் உட்கார்ந்து அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

அதற்குள் மேனேஜர் இறங்கி வந்துவிட்டார். மிளகாய் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கறைக்காக ஒரு உயிரைப் பூட்டி வெச்சிருக்கான் சார் இந்த ஆளு! குடிச்சிருக்கான்னு வேற சொல்றான்! இவன் டீக்கு மட்டும் உள்ளே சர்க்கரை வரலாம், எங்க சோறு வரக்கூடாதா?"

சூப்பர்வைசர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு தாளை நீட்டினான். "வியாதி இருக்கான்னு ஃபார்ம்ல கேட்டிருக்கு. இல்லைன்னு எழுதியிருக்கா. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

மிளகாய் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அந்த 'இல்லை' அவள் கையெழுத்து. சொன்னால் வேலை தரமாட்டார்கள் என்று, நாத்தனார் கையிலிருந்து பேனாவை வாங்கி அவளே எழுதியது.

"எனக்குச் சர்க்கரை இருக்கு சார்." நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. கை நடுங்கி நான் உளறினா சர்க்கரைத் தண்ணி குடுங்க. மயங்கிட்டா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சார், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டை இனிமே நான் விடமாட்டேன். வேலையை விட்டு அனுப்புறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள்.

"உங்க மேலயும் எனக்குக் கோபம்தான் அண்ணி. பன்னிரண்டரைக்கே படபடன்னு வந்துடுச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு நீங்க சொல்லிச் சொல்லி, உங்ககிட்டயே சொல்ல பயந்து நின்னேன். இவ்வளவு கத்துறீங்களே, எனக்கு ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?"

மிளகாயை இப்படி யாரும் கேட்டதில்லை. அவள் முகம் செத்துப் போயிற்று.

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அலமாரியைப் பூட்டவேண்டாம், சாப்பாடு பன்னிரண்டுக்கே என்றார். சூப்பர்வைசர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தன் சர்க்கரை டப்பாவில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். சலவை இயந்திரத்துக்காரன் மட்டும் நாத்தனார் பக்கத்தில் வந்து, "எங்க அம்மாவுக்கும் சர்க்கரைதான். ஊசி போடுன்னு கத்திட்டேனே, வீட்டுலயும் அதையேதான் செஞ்சிருப்பேன்" என்றான்.

இருவரும் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினார்கள். மிளகாய்க்கு இன்னும் கோபம் அடங்கவில்லை; அது யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவனிடம், "உன் தங்கச்சி இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைத் திட்டிட்டா" என்றாள்.

"யாரு, அவளா?" அவன் சிரித்தேவிட்டான்.

"சிரிக்காதே. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கணும்." சொல்லிவிட்டு, நாத்தனாரின் இரவு ஊசிக்கு முன் சாப்பாடு தயாராகிவிட வேண்டுமென்று அடுப்பைப் பற்றவைத்தாள்.