முதலில் போன கால்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு பங்குக் கோயிலில் தவறாக அடித்த துக்க மணியால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

'உடல் வெறும் சட்டை. ஆன்மா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு…'

நிறுத்திவிட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு அந்த வாக்கியம் தானாக வரும். விஜயராணிக்குப் பொருந்தாது. அவர் கத்தோலிக்கர், என் நண்பர் அமிர்தசாமியின் மனைவி. சர்க்கரை நோயில் அவருடைய வலது கால் அழுகிக்கொண்டிருந்தது.

2

முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். விஜயராணி சம்மதிக்கவில்லை.

"எடுத்த கால என்ன பண்ணுவீங்க?"

"ஆஸ்பத்திரியிலயே எரிச்சிடுவோம்மா."

"அப்ப வேணாம். எங்க குடும்பக் கல்லறையில அடக்கம் பண்ணக் குடுத்தா எடுங்க."

[இந்த இடத்தில் 'பிடிவாதக்காரி' என்று எழுதி அடித்தேன். 'பயம்' என்று எழுதி அதையும் அடித்தேன்.]

"ஆன்மாதானேம்மா முக்கியம்?" என்று கட்டிலருகே நின்ற நான் மெல்லக் கேட்டேன்.

"ஞானஸ்நானத் தண்ணிய தலையிலதானே சார் ஊத்துனாங்க? பூசையில நன்மை அப்பம் வாங்குறது இந்த நாக்கு. வேளாங்கண்ணிக்கு நடந்தது இந்தக் கால். ஆண்டவர் எழுப்புறப்போ உடம்பும் ஆத்துமாவும் சேந்துதான் எந்திரிக்கும்."

"எரிச்சாலும் அவரால எழுப்ப முடியாதா ராணி?" என்றார் அமிர்தசாமி.

"முடியும்ங்க. அவருக்காகக் கேக்கல. இத்தன வருசம் என்னைச் சொமந்த காலுக்கு ஒரு மரியாத வேணாமா?"

 

3

அமிர்தசாமி கோயிலுக்கு ஓடினார். பங்குச் சாமியார் சம்மதித்தார், டாக்டரும் இறங்கிவந்தார். கால் எடுக்கப்பட்டது.

மறுநாள், அமிர்தசாமியின் குடும்பக் கல்லறையைத் திறக்கவேண்டும் என்ற செய்தி கோயில்பிள்ளையின் காதுக்குப் போனது. (கோயில்பிள்ளை: மணி அடிப்பவர், பூசைக்கு எல்லாம் எடுத்துவைப்பவர். அவசரக்காரர்.) யாருக்கு என்று கேட்காமல் துக்க மணியை அடித்துவிட்டார்.

உறவுக்காரர்கள் மாலையோடு அழுதபடி வார்டுக்குள் நுழைந்தார்கள். விஜயராணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாலைய வீணாக்காதீங்க," என்றார். "கால் பெட்டியில இருக்கு. அதுக்குப் போடுங்க."

போட்டார்கள். சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்த பத்தி இது. எழுதி முடித்தபோது அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றியது. உடம்பை இவ்வளவு மதித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

4

முடிவு ஒன்று: செயற்கைக் காலில் நடக்கிறார். சுபம். (மருந்துக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: அடுத்த மாதமே அவரும்… (வாசகர் அழுவார். ஆனால் பொய்.)

நடந்தது இதுதான். கல்லறைத் திருநாளன்று சக்கர நாற்காலியில் வந்தார். என்னையும் காவிரிப் பாலம் தாண்டி வரவழைத்திருந்தார். தன் கால் கிடக்கும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்.

"பஸ்ல துண்டு போடுவோம்ல சார், அது மாதிரி எனக்கு எடம் புடிச்சு வச்சிருக்கு," என்று சிரித்தார். பிறகு, "காத்து அடிக்குது. மெழுகுவத்திய கொஞ்சம் மறச்சுப் பிடிங்க."

அந்தக் கால் கடைசி நாளில் அவரிடம் வந்து சேருமா? கதையின் முடிவு அதுதான். சேரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் நீங்கள்தான் எழுதவேண்டும். என் கைகள் இரண்டும் இப்போது சுடரைச் சுற்றி இருக்கின்றன.