நடக்காத பாடங்களின் திகதிகள்

சுனாமிக்குப் பிறகு போட்டுத் தந்த தகரக் கொட்டிலில்தான் 2009இலும் எங்கள் தரம் எட்டு நடந்தது. நிந்தவூரில் நான் கணித டீச்சர். அந்த வகுப்புக்கும் பொறுப்பு. புதன்கிழமைகளில் ஒரு பாடவேளை விழுமியக் கல்விக்கு என்று வருடத் தொடக்கத்திலேயே சுற்றறிக்கை வந்திருந்தது. அதையும் நான் கணிதத்துக்கே எடுத்துக்கொண்டேன். புள்ளிகளைத்தானே எல்லாரும் கேட்கிறார்கள்.

யூலையில் ஒருநாள் அதிபர் வந்து, "நாளைக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து காலிதீன் சேர் விழுமியக் கல்விக் கொப்பி பார்க்க வாறார், றாஹிலா டீச்சர்" என்றார்.

உடனே கரும்பலகையில் நடத்தாத ஆறு பாடங்களை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கழிந்துபோன ஒரு புதன்கிழமைத் திகதி.

"பார்த்து எழுதுங்க புள்ளைகள்."

நிப்லா எழும்பினாள். "டீச்சர், மே இருபது யுத்தம் முடிஞ்சதுக்கு லீவு விட்ட நாள். அண்டைக்கு எப்படி 'உண்மை பேசுதல்' நடந்திருக்கும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப இருபத்தேழு எண்டு போடு. வாய் காட்டாத."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் எழுதவில்லை.

மறுநாள் காலிதீன் சேர் அவளுடைய கொப்பியைப் புரட்டினார். வெறும் பக்கங்கள்.

"என்ன மகள், ஒண்டுமே இல்ல?"

நிப்லா ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு, "பாடம் நடந்திச்சு சேர். நான்தான் எழுதல்ல" என்றாள்.

"டீச்சர் இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிக்கிறா. உனக்கு வெக்கமா இல்லையா?"

பக்கத்தில்தான் நின்றேன். அவள் காது மடல்கள் சிவந்துபோயின.

அவர் போனதும் அவளிடம் கேட்டேன்: "ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"இல்லாட்டி உங்களுக்கு ஏச்சு விழுமே டீச்சர்."

பொய் எழுத மறுத்த பிள்ளையை நான் பொய் சொல்ல வைத்திருந்தேன். நேரே அதிபரின் அறைக்குப் போனேன். காலிதீன் சேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அதிபர் தலைகுனிந்துகொண்டார்.

காலிதீன் சேர் கோப்பையை வைத்தார். "இத நான் அறிக்கையில எழுதித்தான் ஆகணும் டீச்சர். ஆனா இங்க சொல்லி என்ன? ஏச்சு வாங்கினது அந்தப் பிள்ளையெல்லோ."

வகுப்புக்குத் திரும்பி, முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். நிப்லாவைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்ல டீச்சர்" என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடியே.

அதன் பிறகு அவள் வகுப்பில் கேள்வி கேட்க இரண்டு மாதம் ஆனது.