கராஜின் நடுத்தூண்

கீழே வேலை நடக்கிற மூன்று நாளைக்குத் தங்கை வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரும்படி ஹரீஷ் சொன்னபோது வசுமதி பதில் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். அவள் வாய் திறக்காமல் இருந்தால் அது சம்மதம் இல்லை என்று காளிகாட்டின் அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாங்க் மாற்றலில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹரீஷுக்குத் தெரியவில்லை.

"தேங்க்ஸ் மாமி," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான்.

கீழ்த்தளத்தை அவன் வசுமதியின் பெரியப்பா பிள்ளையிடமிருந்து வாங்கியிருந்தான். மாடி அவளுடையது. அவள் படுக்கையறைக்கு நேர் கீழே கராஜ், கராஜின் நடுவே ஓர் இரும்புத் தூண். புதிதாக வாங்கிய அகலமான காரை அந்தத் தூணை உரசாமல் உள்ளே விட முடியும்தான். ஆனால் விட்டபிறகு இரண்டு பக்கமும் கதவு திறக்காது. ஹரீஷின் மனைவி மஹிமா காய்கறிப் பையோடு சந்திலேயே இறங்கிக்கொள்வாள். ஹரீஷ் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பின்சீட்டைத் தாண்டி டிக்கி வழியாகத் தவழ்ந்து வெளியே வருவான். இதைப் பார்க்கவே எதிர்த்த டீக்கடையில் சிலர் சாயங்காலம் காத்திருப்பார்கள்.

அலிப்பூரில் ஓர் எஞ்சினியர் போனில் நான்கு போட்டோவைப் பார்த்துவிட்டு, தூணின்மேல் பாரம் எதுவும் இல்லை, எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

துறைமுக ஆபீசின் டிராயிங் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் கிடங்குகளுக்குத் தூணும் உத்திரமும் வரைந்தவள் வசுமதி. காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு அவனுக்குக் காட்டியிருந்தாள். கீழே முன்பு இரண்டு அறைகள் இருந்தன. நடுச்சுவரை இடித்துத்தான் கராஜ் ஆக்கினார்கள். சுவர் இருந்த இடத்தில் ஓர் இரும்பு உத்திரம், அதன் நடுவே இந்தத் தூண். தூணின் அடியில், கல்லுக்கும் இரும்புக்கும் இடையே, எதிரெதிராக அடித்து இறுக்கிய இரண்டு இரும்பு ஆப்புகள். உத்திரத்தின்மேல் நிற்பது அவள் படுக்கையறைச் சுவர், கதவும் நிலையுமாக.

"எஞ்சினியர் எழுதியே குடுத்துட்டார் மாமி. நீங்க டிராயிங் மட்டும்தானே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

தடை உத்தரவு வாங்க ஆறு வாரமாவது ஆகும் என்றார் வக்கீல். வேலை புதன்கிழமை. பெட்டியை எடுப்பதா என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தூண் போனால் தரை போகும். தரை போனால் திரும்பி வர இடம் ஏது?

புதன்கிழமை காலையில் மொட்டைமாடிகளுக்கு மேலே பட்டங்கள் பறந்தன. ரிக்‌ஷா ஸ்டாண்டில் ஒலிபெருக்கி அலறியது. தூணை எடுக்க அமர்த்தியிருந்த நிதாய் மிஸ்திரி சாந்த்ராகாச்சியிலிருந்து வந்தான். குளித்து, எண்ணெய் வைத்து வாரி, புதுச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. முந்தைய நாள் கராஜ் மூலையில் விட்டுப்போன தன் சுத்தியலுக்கும் உளிக்கும் சிந்தூரம் இட்டு, சாமந்திப்பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தினான்.

வசுமதி ஜன்னலில் நின்று கேட்டாள். கீழே பேச்செல்லாம் வங்காளியில் நடந்தது. ஹரீஷின் வங்காளியில் பாதி ஹிந்தி; பெயரோடு அண்ணா என்று சேர்க்கும் 'தா' மட்டும் சுத்த வங்காளி.

"ஆரம்பிக்கலாமா நிதாய்தா?"

"இன்னிக்கு விஸ்வகர்மா பூஜை ஸார். கருவியைத் தொட மாட்டோம்."

"ஆயுத பூஜை அடுத்த மாசம்தானே?"

"அது உங்க ஊர்ல."

"லீவு போட்டிருக்கேன்யா! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"துர்கா பூஜை எப்போன்னு யாராவது சொல்லிட்டிருப்பாங்களா ஸார்? இதும் அப்படித்தான். நாளைக்கு ஒரேயடியா முடிச்சுடறேன். சந்தேஷ் சாப்பிடுங்க."

டீக்கடையில் சிரித்தார்கள். வசுமதிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது, உடனே போயிற்று. பூஜை ஒரு நாளைத்தான் தள்ளிப்போடும். பஞ்சாங்கத்தின் தயவில் ஒரு ராத்திரி தூங்கி எழுவதில் அவளுக்கு என்ன கௌரவம்? ஜன்னலை விரியத் திறந்தாள்.

"ஹரீஷ்!"

அவன் அண்ணாந்து பார்த்தான். "மாமி? நீங்க போகலையா?"

"போறேன்னு எப்ப சொன்னேன்?"

அவன் டீக்கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கும் போகமாட்டேன். நீ தூணை எடுக்கறச்சே இந்த ரூம்லதான் உக்காந்திருப்பேன். பாரமே இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்காரே, அப்புறம் எனக்கென்ன பயம்? நீயும் ஒண்ணு பண்ணு. உன் புதுக் காரை உள்ள கொண்டுவந்து தூண் பக்கத்துலயே நிறுத்து. நிறுத்திட்டு எடு."

"இது என் கராஜ் மாமி."

"உன் கராஜ்தான். அதோட கூரை என் ரூம் தரை."

தமிழ் புரியாவிட்டாலும் டீக்கடைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவன் விசிலடித்தான். ஹரீஷின் காது சிவந்தது. அவன் கார்ச் சாவியை எடுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்ச் சிந்தூரம் இட்ட சுத்தியலைத் தூக்கினான்.

"ஸார், பூஜை போட்ட சுத்தி!"

"எங்க ஊர்ல அடுத்த மாசம்தான்."

"உத்திரத்துக்கு முட்டுகூடக் குடுக்கல ஸார்!"

வசுமதி ஜன்னலை விட்டு வந்தாள். யாரும் மேலே வந்து கெஞ்ச வேண்டாம் என்று அறைக் கதவைச் சாத்தினாள். நாற்காலியை நடு அறையில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் அடி தரை வழியாக ஏறி உள்ளங்காலைத் தொட்டது. இரண்டாவது. மூன்றாவதில் கீழே ஓர் ஆப்பு வழுக்கி விலகியது. நெடுநேரம் நின்றவன் கால் மாற்றி நிற்பதைப் போல வீடு ஒருமுறை அசைந்து கொடுத்தது. கதவுக்கு மேலே சுவரில் ஒரு கோடு ஓட, சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

அதன்பிறகு அடி விழவில்லை. ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நிலை கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும், சந்தே ஏணியோடு ஓடிவரும். அவளைக் காப்பாற்றிவிடுவார்கள், தூணை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

படியில் தடதடவென்று காலடி. மஹிமா கதவைத் தட்டினாள்.

"மாமி! கதவைத் திறங்கோ மாமி, ப்ளீஸ்!"

"நான் பூட்டலை. உன் ஆத்துக்காரன் பூட்டினான், கீழேர்ந்து."

படியில் இன்னொரு காலடி ஏறி வந்தது. பிறகு ஹரீஷின் குரல், மூச்சு வாங்கியபடி. "தள்ளி நில்லுங்கோ மாமி. உடைச்சுடறேன்."

"கதவுல கை வெக்காதே. இப்ப சுவரைக் கொஞ்சம் அதுவும்தான் தாங்கிண்டிருக்கு. கீழ போய் ஆப்பை உள்ள தள்ளு. இல்லையா, ரெண்டாவது ஆப்பையும் எடுத்துடு. நான் எழுந்துக்கப் போறதில்லை."

"மாமி, விளையாடாதீங்கோ!"

"விளையாடினது யாரு?"

அவனும் மஹிமாவும் இறங்கி ஓடுவது கேட்டது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கீழே நடப்பதெல்லாம் அவள் காதில் விழுந்தது. "நிதாய்தா, நான் அடிச்சா இன்னும் கெட்டுடும். நீங்க வாங்க." நிதாய் சுத்தியலை எடுக்கிற சத்தம் வரவில்லை. வருஷத்தில் ஒரு நாள். அவன் அப்பனும் தொட்டதில்லை, அவனும் தொட்டதில்லை. அந்தத் தயக்கத்தின் எடை வசுமதிக்குத் தெரிந்தது. அவசரப்படுத்த அவளுக்கும் மனம் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாடி மாஷிமா உள்ளயா இருக்காங்க?" என்றான் நிதாய் கடைசியில்.

"உள்ளதான். கதவு மாட்டிண்டிருக்கு," என்று மஹிமாவின் அழுகுரல் ஹிந்தியில் வந்தது.

அடி விழுந்தது. அது வேறு கை. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் காது கொடுத்துக் கேட்கிற கை. வசுமதி எண்ணினாள். ஐந்தாவது அடியில் நிலை 'டக்' என்றது. கதவு தானாக ஒரு விரற்கடை உள்ளே வந்து நின்றது.

அவள் மெதுவாகப் படி இறங்கினாள். நிதாய் சுத்தியலை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தான். நசுங்கிய சாமந்தி தூணடியில் கிடந்தது. குனிந்து ஆப்பைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"பாவம் பண்ணிட்டேன் மாஷிமா," என்றான்.

"விஸ்வகர்மாவும் மிஸ்திரிதானே நிதாய். இடிஞ்சு விழட்டும்னு அவர் பாத்துண்டு நிப்பாரா?" என்றாள் அவள் வங்காளியில். "நாளைக்குக் கருவி தொடலாம் இல்லையா?"

"தொடலாம்."

"வெல்டிங் மிஷினோட வா. ரெண்டு ஆப்பையும் தூணோட சேத்து ஒட்டிடு. இனிமே எவன் சுத்தியெடுத்தாலும் அசையக்கூடாது."

ஹரீஷ் தூணையும், வெளியே சந்தை அடைத்து நின்ற காரையும் பார்த்தான். "அப்போ கார், மாமி?"

வசுமதி பதில் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த துருவைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

இந்த முறை அவன் தேங்க்ஸ் சொல்லவில்லை.