கறுப்புத் தட்டு

மூன்று மணி பேட்ச் முடிந்ததற்கான விசிலை ஊதிவிட்டு அவர் கரையோரமாக நடந்தார். நகராட்சி நீச்சல் குளத்தில் பதினாறு வருடமாக உயிர்க்காப்பாளர் வேலை. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வாயில் நுழையாது, விசில் மாமா என்பார்கள். கூட வேலை செய்பவர்களும் விசில்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பள்ளி விடுமுறைக் காலம். ஒரு பேட்சுக்கு நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு நான்கு பேட்ச். விதிப்படி கரையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். இன்னொருவர் முதுகுவலி என்று விடுப்பில் போய் மூன்று வாரம் ஆகிறது. மாற்று ஆள் திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மீனாப் பொறந்தவங்க மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க ஏறுங்க," என்றார் விசில்காரர்.

"நான் மீனுதான் மாமா," என்றான் ஒருவன், ஏணியைப் பிடித்தபடி.

"அப்ப வலை எடுத்துட்டு வரேன் இரு."

அவன் ஏறினான். ஈரக் கால்கள் சளப் சளப்பென்று வாசலை நோக்கி ஓடின. வாசலை ஒட்டிய சிறிய அறையில் கவுன்டர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் நாற்பது கொக்கிகள். உள்ளே வரும் பிள்ளைக்கு எண் போட்ட மஞ்சள் டோக்கன் ஒன்று. அதை ரப்பரில் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது திருப்பிக் கொடுத்தால் அக்கா அதைக் கொக்கியில் தொங்கவிடுவார். நாற்பது கொக்கியும் நிறைந்துவிட்டால் குளம் காலி. தலை எண்ணும் வேலை யாருக்கும் இல்லை.

"முப்பத்தொண்ணு வரல," என்றார் அக்கா.

"உடை மாத்துற ரூம்ல இருக்கும்."

விசில்காரர் போய்ப் பார்த்தார். ஆறு கதவுகளையும் தள்ளினார். கடைசி அறையில் குழாய் திறந்து கிடந்தது. மூடிவிட்டு வந்தார். வாசல் பக்கச் செருப்பு அலமாரியில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம். நீல ரப்பர் செருப்பு, சின்ன அளவு. இடது காலின் வார் அறுந்து, வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது.

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். தகரக் கதவுக்கு வெளியே அடுத்த பேட்ச் வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னய்யா, இன்னும் திறக்கலையா?"

"ஒரு டோக்கன் வரல சார். ஒரு செருப்பு நிக்குது."

"வெறுங்காலோட ஓடியிருக்கும். போன வாரமும் ஒரு ஜோடி கெடந்துச்சே. டோக்கன் கையிலயே இருக்கும், வீட்டுல அம்மா பார்த்துத் திட்டி நாளைக்குக் கொடுத்தனுப்புவாங்க."

அவர் சொன்னது இரண்டும் நடப்பதுதான். வாரத்துக்கு ஒரு டோக்கன் வீட்டுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு செருப்பு தங்கிவிடும். ஆனால் ஒரே நாளில், ஒரே பேட்சில் இரண்டும் நடந்ததாக விசில்காரருக்கு நினைவில்லை. அப்போதுதான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற பையனைக் கவனித்தார். பன்னிரண்டு, பதிமூன்று வயதிருக்கும். சட்டை மாற்றித் தலை வாரியிருந்தான். தோளில் இரண்டு துண்டுகள், ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது.

"யாருக்காகப்பா நிக்கிற?"

"தங்கச்சிக்கு. அவ எப்பவும் லேட்டு."

"உன் டோக்கன் நம்பர் என்ன?"

"முப்பது."

கவுன்டர் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவளைக் கடைசியா எங்க பார்த்த?" விசில்காரர் குரலைத் தணித்தே கேட்டார். பையன் பயந்துவிட்டால் பதில் வராது.

"அந்தக் கயித்துக்கிட்ட." குளத்தின் ஆழப் பகுதியைப் பிரிக்கும் கயிற்றைக் காட்டினான். "தண்ணிக்குள்ள மூச்சுப் பிடிச்சு எண்ணிட்டு இருந்தா. நாப்பது வரைக்கும் வந்துட்டேன், அம்பது எண்றேனா பாருன்னா." காய்ந்த துண்டை இழுத்து விரலில் சுற்றினான். "நான் பார்க்கல. பந்து விளையாடப் போயிட்டேன்."

விசில்காரர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆழப் பகுதியில் எட்டடி. அதன் தரையில், சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு இரும்புத் தட்டைக் கறுப்பு வண்ணம் அடித்து நான்கு திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் முன்னால் எதிர்க்கரையில் நின்று அதைப் பார்க்க வேண்டும். தட்டு தெரிந்தால் தரையில் கிடக்கும் பிள்ளையும் தெரியும் என்பது கணக்கு. தெரியாவிட்டால் ஒருவரையும் இறக்கக் கூடாது. பார்த்ததும் பதிவேட்டில் 'தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தின் முதல் வரியில் 'தெரிகிறது' என்று எழுதுவார். அதன்கீழ் கடைசி வரி வரைக்கும் 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'.

இப்போது அந்த இடத்தைப் பார்த்தார். தட்டு தெரியவில்லை. குளத்துச் சுவரின் நீலக் கோடுகள் பாதி ஆழம் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. அதற்குக் கீழே வெளிறிய, கெட்டியான ஒரு வெண்மை. காலையில் பம்ப்காரர் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. வடிகட்டி சரியாக இழுக்கவில்லை, படிகாரம் போட்டிருக்கிறேன், யாராவது கேட்டால் தண்ணீரில் சத்து அதிகம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். இவரும் கூடச் சிரித்தார். நேற்றைவிட இன்று கொஞ்சம்தான் கலங்கல், முந்தாநாளைவிட நேற்று கொஞ்சம்தான் கலங்கல் என்று நாட்கள் நகர்ந்திருந்தன.

மூன்று மணிக்கு இதே கரையில் நின்று இதே இடத்தைப் பார்த்து எழுதியதும் ஞாபகம் வந்தது. மேற்படி.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க சார்."

"இருப்பா, முதல்ல நிச்சயம் பண்ணிக்குவோம். வெளிய தெரிஞ்சா..."

"போடுங்க சார்," என்றார். மேற்பார்வையாளர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

விசில்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குதித்தார். இரண்டு முழ ஆழத்துக்குக் கீழே தன் விரல்களே அவருக்குத் தெரியவில்லை. தரையைக் கையால் தடவித்தான் தேட வேண்டும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, பிறகு ஒரு முழம் தள்ளி மறுபடி இந்தச் சுவர் வரை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இது. பதினாறு வருடத்தில் இதைச் செய்ய வேண்டி வந்ததில்லை.

கை முன்னால் போக மறுத்தது. தேடும் கைக்கு எதுவும் கிடைத்துவிடக் கூடாது என்று உடம்பு கெஞ்சியது. கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நொடியும் கிடைப்பதை இன்னும் மோசமாக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நான்கு நிமிடத்துக்கு மேல் மூளைக்கு என்ன ஆகும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். விசில் ஊதியே ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். அவள் ஐம்பது எண்ண ஆரம்பித்தது அதற்கு எவ்வளவு முன்னால்?

மூச்சு வாங்க மேலே வந்தபோது ஆழம் குறைந்த பகுதியில் பம்ப்காரரும் மேற்பார்வையாளரும் கைகோத்து, காலால் துழாவிக்கொண்டே நடந்து வருவதைப் பார்த்தார். மேற்பார்வையாளர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பையன் கரையில் நின்று ஒரே சீரான குரலில், "நான் பார்த்திருக்கணும், நான் பார்த்திருக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அழவில்லை.

மறுபடி இறங்கினார். ஒரு ஹேர்பின். பெயர்ந்த தரை ஓட்டின் விளிம்பு. பிறகு துணி.

விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. மெத்தென்று, தண்ணீரின் கனத்தோடு கூடவே வந்தது. அதை இழுத்துக்கொண்டு மேலே வந்த அந்த எட்டடியில் அவர் கண்களை இறுக மூடியிருந்தார். கரையில் போட்ட பிறகுதான் பார்த்தார். ஒரு பனியன். வெறும் பனியன்.

"அவளோடதா?"

பையன் தலையை ஆட்டினான். "இல்ல. இது பெரிய பசங்களோடது."

"அக்கா, வெளிய நிக்கிற பிள்ளைங்களை அனுப்பிடுங்க. வாசல்ல வழி வேணும்," என்று கத்திவிட்டு மூன்றாம் முறை இறங்கினார்.

இந்தத் தடவை ஆழத்தின் நடுவே தரையைத் தடவும்போது உள்ளங்கைக்கு நான்கு குழிகள் தட்டுப்பட்டன. விரல் நுனி போகும் அளவு, சதுரத்தின் நான்கு மூலைகள் போல. இடம் தவறிவிட்டதோ என்று மேலே வந்து ஏணியையும், சுவரில் எழுதியிருந்த எட்டு என்ற எண்ணையும் பார்த்து இடத்தைச் சரிசெய்துகொண்டு மீண்டும் இறங்கினார். அதே நான்கு குழிகள். தட்டு இல்லை.

குளத்தை வற்றவைத்துச் சுத்தம் செய்து பதினோரு நாள் ஆகிறது. அன்றைக்குக் கழற்றியிருப்பார்கள். பதினோரு நாளாகத் தரையில் இல்லாத தட்டை அவர் எதிர்க்கரையில் நின்று பார்த்துத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். பொய் எழுதவில்லை. பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு அது தெரிந்தது.

மூச்சு முட்டியது. அப்படியென்றால் கயிற்றுப் பக்கம் இன்று என்ன பார்த்தார்? நாற்பது பிள்ளைகளைப் பார்த்தாரா, நாற்பது பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாரா?

தலை மேலே வந்தபோது கவுன்டர் அக்காவின் குரல் கேட்டது.

"வாங்க மேல. ஏறி வாங்க. இங்க இருக்கா."

அக்கா ஒரு சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது வயதிருக்கும். வெறுங்கால். மூடிய விரல்களுக்கு வெளியே மஞ்சள் டோக்கனின் ரப்பர் தொங்கியது.

"வெளிய வரிசையில நிக்கிறா. எல்லாரையும் போகச் சொன்னா, இது ஒண்ணுக்கு மட்டும் தலை ஈரமா இருக்கு," என்றார் அக்கா. அவருக்கு மூச்சிரைத்தது. "எப்படிம்மா என்னைத் தாண்டிப் போன?"

"பெரிய அக்காங்களோட சேர்ந்து போனேன்," என்றாள் சிறுமி. "டோக்கன் கையில இருந்தா இன்னொரு தடவை உள்ள விடுவாங்கன்னு நினைச்சேன்."

"செருப்பு?"

"அங்க அண்ணன் நின்னுட்டு இருந்தான். செருப்பு எடுக்கப் போனா பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான்." பிறகு கரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்ட அண்ணனிடம் சொன்னாள், "அம்பது வந்துடுச்சு. அம்பத்திரண்டு."

அவன் எழுந்தான். அறையப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். காய்ந்த துண்டை அவள் தலையில் போட்டு, இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகுதான் அழுதான்.

மேற்பார்வையாளர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்து சத்தமாகச் சிரித்தார். "நல்ல பிள்ளை வளர்த்தாங்கப்பா. எங்க உசிரை எடுத்துட்டியே தாயி." ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று போனில் சொன்னார். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு சாதாரணக் குரலுக்குத் திரும்பினார். "சரி, ஒண்ணும் ஆகல. பாதிப் பேர் இன்னும் வெளியதான் நிக்கிறாங்க. அஞ்சு மணி பேட்சை விட்டுடலாம்."

"தட்டு இல்ல சார்," என்றார் விசில்காரர்.

"எந்தத் தட்டு?"

"அடியில. கறுப்புத் தட்டு. திருகாணி ஓட்டை மட்டும் இருக்கு."

பம்ப்காரர் கரையேறிப் பம்ப் அறைக்குப் போனார். இரும்புத் தட்டோடு திரும்பி வந்தார். "சுத்தம் பண்ண வந்தவங்க சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டுப் போனாங்க. பிளீச்சிங் பவுடர் டிரம்முக்கு மூடி இல்லாம இருந்துச்சு. அளவு சரியா இருந்ததால..."

விசில்காரர் தட்டை வாங்கிப் பார்த்தார். கறுப்பு வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாகத் தேநீர்க் கறை. அந்த டிரம்மின் மேல்தான் காலையில் தன் கிளாஸை வைப்பார். கிளாஸை இதன்மேல் வைத்துவிட்டு, கரைக்கு நடந்து போய், தண்ணீருக்குள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

"யாருக்கும் தெரிய வேணாம்," என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக. "நாளைக்கு மாட்டிடலாம். இந்த ஒரு பேட்சு மட்டும் போகட்டும்."

விசில்காரர் பதிவேட்டை எடுத்தார். விரலிலிருந்து சொட்டிய தண்ணீரில் மேல் வரிகளின் மை கலங்கியது. ஐந்து மணி என்ற இடத்துக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தைப் பின்னால் புரட்டி, குளம் சுத்தம் செய்த தேதிக்கு அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு மேற்படியையும் அடிக்க ஆரம்பித்தார். நாற்பதுக்கு மேல் இருந்தன. மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பிடுங்கக் கை நீட்டினார், பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

அடித்து முடித்ததும் தகரக் கதவைத் தானே போய்ச் சாத்திப் பூட்டினார். சாவியைக் கழுத்தில் விசிலோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். சிறுமியும் அண்ணனும் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் போனார்கள். தைத்த செருப்பு தரையில் டப் டப்பென்று அடித்தது.

கவுன்டர் அக்கா முப்பத்தொன்றைக் கொக்கியில் மாட்டினார். நாற்பதும் நிறைந்துவிட்டன. திரும்பியபோது விசில்காரர் மறுபடி ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்கு? எல்லா டோக்கனும் வந்தாச்சே."

"பலகை சொல்லுது," என்றார் அவர். "நான் பார்க்கலையே அக்கா."

தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. அக்கா கரையில் நின்று அந்த வெண்மையைப் பார்த்தார். தன்னையும் அறியாமல் எண்ண ஆரம்பித்தார். கீழே விசில்காரர் முதல் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, பிறகு ஒரு முழம் தள்ளி, உள்ளங்கையைத் தரையில் பதித்துத் தடவிக்கொண்டே போனார்.